ஜப்பான்காரன் திரும்பிய பக்கம்

"பெத்த அம்மாவுக்கு யாராவது பொம்மை வாங்கி அனுப்புவாங்களா?" என்று பக்கத்து வீட்டு ரத்னம்மா குழாயடியில் யாரிடமோ கேட்டது, தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த சௌடேஸ்வரியின் காதில் தெளிவாக விழுந்தது. கேள்வி அவளிடம் கேட்கப்படவில்லை என்பதால் அவள் பதில் சொல்லவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். குளியலறைக்குக் கூரையாகப் போட்டிருந்த ஃப்ளெக்ஸில் அவளுடைய மகள் யமுனா நீலக் கோட்டு போட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஃப்ளெக்ஸை, வெயிலில் படம் வெளுத்துவிடக் கூடாது என்று, படம் உள்பக்கம் வரும்படி கட்டச் சொன்னவளும் இதே ரத்னம்மாதான். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற முனிரெட்டியின் லைன் வீடுகளில் ஏழு வீடு, ஒரு குழாய், இரண்டு குளியலறை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் யமுனா ஜப்பானில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கிளம்பியபோது, ஏழு வீட்டுக்காரர்களும் சேர்ந்து தங்கள் பெயர்களையெல்லாம் கீழே வரிசையாகப் போட்டு, 'ஜப்பான் செல்லும் எங்கள் வீட்டுப் பெண்ணை வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்று எழுதி, தெருமுனையில் அதைக் கட்டினார்கள். அது இரண்டு மாதம் அங்கே நின்றது. காற்றில் ஒரு பக்கம் கிழிந்த பிறகு, எங்கள் வீட்டுப் பெண்ணைக் குப்பையில் போட முடியுமா என்று, பெண்கள் குளிக்கும் அறைக்குக் கூரையாக்கினார்கள். அன்றிலிருந்து அந்த லைனில் பெண்கள் எல்லோரும் யமுனாவின் சிரிப்புக்குக் கீழேதான் குளித்தார்கள்.

பொம்மை, வாங்குகிறவர்களே சேர்த்துச் செய்கிற மாதிரி துண்டு துண்டாக, கூரியரில் வந்தது. அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெங்களூர் என்று இருந்ததற்கு, யமுனா ஞாயிற்றுக்கிழமை போனில் காரணம் சொன்னாள்: கூட வேலை பார்க்கிற கேரளத்துப் பெண் லீவில் வந்தாளாம், அவளிடம் கொடுத்துவிட்டாளாம், அவள் பெங்களூரில் இறங்கி அங்கிருந்து கூரியர் போட்டாளாம்.

"அதெல்லாம் சரி. பொம்மை எதுக்குடி எனக்கு?"

"எம்மா, பன்னெண்டு வருஷமா நீ அடுத்தவங்க சாமானுக்குப் பிசிறு வெட்டற. நீ வெட்டுனது எங்க போகுது, கடைசில என்னவா ஆகுதுன்னு ஒரு தடவயாச்சும் பாத்திருக்கியா? இது தலையில இருந்து கால் வரைக்கும் உன்னுது. முதல் தடவ செய்யறவங்களுக்குன்னே போட்டது. பசை வேணாம், பெயிண்ட் வேணாம். வெட்டி எடுத்து அமுக்குனா உக்காந்துக்கும்."

"ஜப்பான் எழுத்து ஒண்ணும் புரியலையே."

"படம் இருக்கும்மா. படத்தைப் பாத்து செய்."

சௌடேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற பிரிவில் இருந்தாள். மிஷினிலிருந்து சூடாக வந்து விழும் சாமானில், உருகிய பிளாஸ்டிக் ஓடி வந்த பாதையெல்லாம் காம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காம்பை வெட்டி, வெட்டிய இடத்தில் மிச்சமிருக்கும் முள்ளைச் சுரண்டி, விரலால் தடவி வழவழப்பு பார்த்து, அடுத்த கூடையில் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு. ஸ்கூட்டர் கண்ணாடியின் முதுகு, மிக்சி மூடி, என்னவென்றே தெரியாத கறுப்பு வளையங்கள். அவள் கைக்கு வருவதெல்லாம் ஏதோ ஒன்றின் ஒரு துண்டு. முழுசு வேறெங்கோ இருந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம் போனை வைத்துவிட்டு அவள் பெட்டியைத் திறந்தபோது கம்பெனி வாசனையே அடித்தது. வெள்ளையும் நீலமும் சிவப்புமாகச் சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்திலும் கொடியில் காய் தொங்குவது போல் கையும் காலும் விரலும் முழங்காலும் தொங்கின, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எண். முதலில் தள்ளி வெட்டு, பிறகு ஒட்டி வெட்டு என்று புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுப்பதைப் படமும் சொன்னது. அவள் தரையில் பழைய சேலையை விரித்து, கால்களை நீட்டி உட்கார்ந்து, வெட்டி வெட்டி அமுக்கினாள். ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் போய் உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் கேட்டிராத சத்தம். பாதத்தோடு கணுக்கால் சேர்ந்தது, கணுக்காலோடு முழங்கால் சேர்ந்தது, இடுப்பு வந்தது, மார்பு வந்தது, ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஒரு ஆள் அவள் மடியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தான்.

தலையில்தான் கை தவறியது. உண்மையில் தவறவில்லை, பழக்கத்தைச் செய்தது. கழுத்துத் துண்டின் அடியில் பாதி அரிசி அளவுக்கு ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தது. கண் அது என்னவென்று பார்ப்பதற்குள் பன்னிரண்டு வருஷத்துக் கை அதை ஒட்டி வெட்டி, சுரண்டி, விரலால் தடவி வழவழப்பும் பார்த்துவிட்டது. அடுத்த படத்தைத் திருப்பியபோதுதான் தெரிந்தது: அந்த முள் மார்பிலிருக்கிற பள்ளத்தில் உட்கார வேண்டியது, தலை நேராகப் பார்த்தபடி நிற்பதற்காகவே வைத்தது. சேலையைத் தடவித் தேடி அந்தக் குருணையை எடுத்தாள். தூக்கிப் போட மனசு வராமல், பெட்டியில் மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்றால் சுவர் காலண்டரில் அன்றைய தேதியின் மேல் ஒட்டிவைத்தாள். தலையை அப்படியே கழுத்தில் பொருத்தி, ஜன்னல் திண்டில் குழாயடியைப் பார்த்தபடி பொம்மையை நிறுத்தினாள்.

மறுநாள் சாயங்காலம், வாங்கிப்போன சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க ஆசிர்வாதம் வந்தான். ஐந்தாம் வீட்டுக்காரன், லேத் ஓட்டுகிறவன், பெண்டாட்டியும் மூன்று வயசு மகளும் வள்ளியூரில் இருக்க, வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போய் வருகிறவன். அவன் ஜன்னல் பக்கம் வந்து நின்றதும், வெயில் படும் பக்கம் செடி திரும்புகிற மாதிரி பொம்மையின் தலை மெதுவாகத் திரும்பி, சமையல் மேடைக்கு மேலே உப்பு ஜாடியைப் பார்த்து நின்றது.

ஆசிர்வாதம் உப்பு ஜாடியைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான். "ஏ அக்கா, இது எங்க ஊரு பக்கம்லா பாக்கு" என்றான்.

அவன் லேத்துக்காரன், மயிரிழை பிசகினாலும் ஒத்துக்கொள்ளாதவன். போனில் திசைகாட்டியைத் திறந்து பொம்மையின் மூக்குக்கு நேராக வைத்தான். நூற்று எண்பத்து மூன்று டிகிரி. வரைபடத்தில் அதற்குக் கோடு போட்டான். கோடு சேலத்தைத் தாண்டி, மதுரையைத் தொடாமல், நேராக வள்ளியூருக்குப் போனது.

"மத்தியானத்துல இருந்து பாப்பா நினைப்பாவே கெடக்கு" என்று சுத்தியலை வைத்துவிட்டுப் போனான். அவன் வாசலைத் தாண்டியதும் தலை திரும்பி வந்தது.

ஏன் என்று அந்த லைனில் யாரும் கேட்கவில்லை. எப்போது வரலாம் என்றுதான் கேட்டார்கள். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவதையும், எதிர்வீட்டு நாய் ஆம்புலன்ஸ் போனால் மட்டும் ஊளையிடுவதையும் எப்படி எடுத்துக்கொண்டார்களோ அப்படியே, ஆளுக்கு யார் மேல் ஏக்கமோ அவர்கள் இருக்கிற பக்கம் சௌடேஸ்வரி வீட்டு ஜப்பான்காரன் திரும்பிப் பார்க்கிறான் என்பதையும் எடுத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரன் என்று பெயர் வைத்தவள் ரத்னம்மா. இரண்டு பேர் ஒன்றாகப் போய் நின்றால் தலை இங்கேயும் அங்கேயும் ஆடித் தடுமாறுகிறது என்று தெரிந்ததால், ஒருத்தர் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் படிக்கு வெளியே என்று முடிவானது. தண்ணீருக்கு வரிசை போடுகிற அதே பிளாஸ்டிக் குடங்களை இதற்கும் வரிசை போட்டார்கள். பச்சைக் குடம் யாருடையது, வாய் உடைந்த ஆரஞ்சுக் குடம் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் சண்டை வரவில்லை. வீட்டுக்காரியான சௌடேஸ்வரி வெளியே படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். உள்ளே போனவர்கள் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்து, எதுவும் சொல்லாமல் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். சிலர் போகும்போது இரண்டு பல் பூண்டு உரித்துக் கொடுத்துவிட்டும் போனார்கள்.

ரத்னம்மாவின் புருஷன், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பீடி வாங்கிவருகிறேன் என்று போனவன். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல், ஒன்பது வருஷமாகச் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தவள் அவள். நாலு நாள் தன் குடத்தை வரிசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

"என்ன ரத்னக்கா, முறை வந்துச்சே, போகலையா?" என்றாள் சௌடேஸ்வரி.

"போறேன் போறேன். அந்த ஆளு செத்திருந்தா நான் அழணும், உசுரோட இருந்தா உதைக்கணும். ரெண்டுக்குமே இன்னைக்கு எனக்குத் தெம்பு இல்ல."

ஐந்தாம் நாள் போனாள். தலை கிழக்கே திரும்பி அசையாமல் நின்றது. வெளியே வந்த ரத்னம்மா நேராகக் கண்ணாடிக்குப் போய்ப் பொட்டைக் காலணா அகலத்துக்கு வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கியதும் கிழக்கே பார்த்து நின்று, கைகூப்பாத குறையாக, அவனையும் அவன் பீடியையும் அவனைப் பெற்றவளையும் கால் மணி நேரம் திட்டினாள். மூன்றாம் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒடிசாக்காரப் பெண் அதைச் சூரியனுக்குச் சொல்லும் மந்திரம் என்று நினைத்து, தானும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். ரத்னம்மா அவளுக்காகக் கெட்ட வார்த்தைகளைத் தெலுங்குக்கு மாற்றிக்கொண்டாள்.

லைன் வீட்டுக்குச் சொந்தக்காரரான முனிரெட்டி, கூட்டத்தைக் கேள்விப்பட்டுப் புல்லட்டில் வந்தார். "ஏம்மா, வீடு வாடகைக்கு விட்டிருக்கேனா, கோயில் கட்ட விட்டிருக்கேனா? இதெல்லாம் இங்க வேணாம்."

"உள்ள வந்து ஒரு தடவ பாருங்க ரெட்டியண்ணா, பிடிக்கலைன்னா எடுத்துடறேன்."

"எனக்கு யாரும்மா இருக்கா ஏங்கறதுக்கு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜப்பான்காரனின் தலை மேற்கே திரும்பியது, நிற்கவில்லை. வடக்கே வந்தது, நிற்கவில்லை. கிழக்கு, தெற்கு, மறுபடியும் மேற்கு என்று, ரங்கராட்டினம் நிற்பதற்கு முன்னால் சுற்றுகிற வேகத்தில், ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. முனிரெட்டியின் மனைவி இறந்து ஆறு வருஷம். சௌடேஸ்வரி வைத்த டீ ஆடை கட்டியது. வெகுநேரம் கழித்து எழுந்து வந்தவர், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வாசல்ல இருட்டா இருக்கு, ஜனம் தடுக்கி விழப்போகுது" என்று மட்டும் சொன்னார். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து படிக்கு மேலே புது டியூப் லைட் மாட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு, செத்துப்போனவர்களுக்கு அது சுற்றும், எல்லாப் பக்கமும் இருக்கிறவர்களை அது எந்தப் பக்கமென்று பார்க்கும் என்று லைனில் சொல்லிக்கொண்டார்கள்.

இப்படி எல்லோருக்கும் திரும்பிய தலை சௌடேஸ்வரிக்கும் திரும்பியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஜன்னல் குழாயடியைப் பார்த்து இருந்தது. அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து, கால் கழுவி, ஒரு டம்ளர் காபியோடு ஸ்டூலில் உட்காரும்போது, தண்ணீர் பிடிக்கிற அத்தனை பேருக்கும் கம்பிக்கு நடுவில் ஜப்பான்காரன் தெரிந்தான். அவன் வடமேற்கே திரும்பினான். அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில், யமுனா பள்ளிக்கூடத்தில் வாங்கிய கப்புக்குக் கொஞ்சம் இடது பக்கம். எத்தனை நாள் பார்த்தாலும் அங்கேதான்.

ஆசிர்வாதம் தன் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை கோடு போட்டுப் பார்த்தான். ஓசூரிலிருந்து ஜப்பானுக்கு வடகிழக்கே போக வேண்டும். வடமேற்கே போனால் அத்திப்பள்ளி வரும், சந்தாபுரா வரும், பெங்களூர் வரும். அவன் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தான்.

ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்ததும், யாரும் பேசிவைத்துக்கொள்ளாமலேயே, ஆளாளுக்கு ஒரு காரணம் கொண்டுவந்தார்கள். "ஏரோப்ளேன் அந்தப் பக்கம்தானே ஏறுது, புள்ள போன வழியைப் பாக்குது" என்றாள் ரத்னம்மா, யாரும் கேட்காமலே, குடத்தைக் கழுவிக்கொண்டே, ஜன்னலுக்குக் கேட்கும்படி. "உலகம் உருண்டைதானேம்மா. இந்தப் பக்கமா போனாலும் கடைசில ஜப்பான் வந்துதான் ஆகணும்" என்றார் வாடகை வாங்க வந்த முனிரெட்டி. ஒடிசாக்காரப் பெண்கூட, தனக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தையில், "ஜப்பான் பெருசு" என்றாள். சௌடேஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போய்ப் பொம்மையைத் தூக்கி வேறு சுவரோரம் வைத்துப் பார்த்தாள். கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவைத்துப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்தபோது அவன் வடமேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குளிக்கும்போது அவள் இப்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்காமலே அந்த ஃப்ளெக்ஸ் அவளுக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. விமான நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம், ஏஜென்சி வேனிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யமுனா சொன்னதும், வேன் கிளம்பும்போது ஏழு வீட்டுக்காரர்களும் கைதட்டியதும், தெருமுனையில் வேன் அந்த ஃப்ளெக்ஸைத் தாண்டித் திரும்பியதும் நினைவுக்கு வந்தன. போன இடத்தில் ஏதோ ஒன்று முறிந்திருக்கும். கடைசி நேரத்தில் ஒரு தாளில் யாரோ கையெழுத்துப் போடாமல் இருந்திருப்பார்கள். மறுநாளே திரும்பி வந்திருக்கலாம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆனால் தெருமுனையில் தானே அவ்வளவு பெரிசாகச் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சிரிப்புக்குக் கீழே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் எப்படி நடந்து வருவாள்? கையிலிருந்த சொம்புத் தண்ணீரை ஊற்றிக்கொள்ளாமலே வெகுநேரமாகியிருந்தது.

சௌடேஸ்வரிக்கு ஒரே பயம்தான் இருந்தது. எனக்குத் தெரியும் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், ஞாயிறு நாலு மணிக்கு வருகிற போன் வராமல் போய்விடும். பொய்யாவது ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துகொண்டிருந்தது. அது பேசியது, சாப்பிட்டாயா என்று கேட்டது, சிரித்தது.

அதனால் அவள் ஒரு சாயங்காலம் ஆசிர்வாதத்தைக் கூப்பிட்டு, உடனே ஒட்டுகிற பசை ஒன்று வாங்கிவரச் சொன்னாள். காலண்டரில் ஒட்டியிருந்த குருணையை எடுத்துக் கழுத்தின் அடியில் ஒட்டிவிட்டால், தலை பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். எல்லா பொம்மையும் போல நேராகப் பார்க்கும். குழாயடியில் காரணம் சொல்ல வேண்டிய வேலை யாருக்கும் இருக்காது.

ஆசிர்வாதம் பசையைக் கொண்டுவந்து மேடையில் வைத்தான். போகாமல் நின்றான். "அக்கா, இது ஒட்டுனா ஒட்டுனதுதான். பெறவு எடுக்க வராது."

"தெரியும்ப்பா."

"செரி. நான் ஒருக்கா பாத்துட்டுப் போகட்டா?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து உப்பு ஜாடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து போய்விட்டான். அவள் பசையின் மூடியைத் திறக்கவில்லை, ஞாயிறு ஆகட்டும் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு நாலு மணிக்கு யமுனா பேசினாள். ஜப்பானில் மணி ஏழரை, சாப்பாடு ஆகிவிட்டது, பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருத்தி இவளைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு தலை வாரிவிடச் சொல்கிறாள் என்றெல்லாம் சொன்னாள். பிறகு, "பொம்மையைச் செஞ்சு முடிச்சிட்டேன்னியே, எங்கம்மா வெச்சிருக்க?" என்றாள்.

"ஜன்னல்ல."

"எந்தப் பக்கம் பாத்து?"

சௌடேஸ்வரி ஜப்பான்காரனைப் பார்த்தாள். "உன் பக்கம்தான்" என்றாள்.

போன் வெட்டிப்போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம், "சரிம்மா, தூக்கம் வருது, வெக்கறேன்" என்று யமுனா வைத்துவிட்டாள். அவள் குரல் தூக்கக் குரலாக இல்லை. ஐந்து வயசில், காய்ச்சலில், பக்கத்தில் படுத்துக்கோ என்று கேட்கத் தெரியாமல் தண்ணீர் வேண்டும் என்று கேட்பாளே, அந்தக் குரலாக இருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை சௌடேஸ்வரி, அடுத்த நாளுக்குக் குடம் வரிசை வைக்க வந்தவர்களிடம், "நாளைக்கு ஜப்பான்காரன் இருக்க மாட்டான்" என்று மட்டும் சொன்னாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஞாயிறு காலை அவள் கதவைப் பூட்டும்போது ரத்னம்மா ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலோடு வந்து நின்றாள்.

"ஜப்பானுக்குப் போற யாராச்சும் கண்ணுல பட்டா குடுத்தனுப்பு. எண்ணெய் கசியாம ரெண்டு கவர் போட்டிருக்கேன்."

முனிரெட்டி வீட்டிலிருந்து, காகிதத்தில் சுற்றிய முருங்கைக்காய் ஒரு கட்டு வந்திருந்தது. பையின் வாய்க்கு மேல் அவை நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில், தலை மட்டும் வெளியே தெரியும்படி, ஜப்பான்காரனை நிறுத்தினாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பையை அணைத்து வைத்துக்கொண்டாள்; பஸ் நிறைய ஆட்கள் இருந்தும் ஜப்பான்காரனின் தலை தடுமாறவில்லை. அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரை, சந்தாபுரா வரை, கம்பெனிகளின் கண்ணாடிச் சுவர்கள் வரை, ஜப்பான்காரன் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தான். பொம்மனஹள்ளியில் நெரிசலில் பஸ் நகர்வதும் நிற்பதுமாக இருந்தபோது அவன் வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தான். பஸ் நகர நகரத் திரும்பி, சில்க் போர்டு வருவதற்குள் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். "பேரனுக்காம்மா?" என்று கேட்ட கண்டக்டரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கி, வந்த வழியிலேயே நடந்தாள். தெருக்கள் ஒன்றுபோல் இருந்தன. ஒவ்வொரு முனையிலும் பையைத் தாழ்த்திப் பார்த்து, அவன் பார்க்கிற பக்கம் தெரு இல்லாவிட்டால் சுற்றிப்போய், மறுபடியும் தாழ்த்திப் பார்த்து, மத்தியானம் முழுக்க நடந்தாள். ஒரு கடையில் மோர் குடித்தாள். மேகம் கூடிக்கொண்டு வந்தது.

மூன்றே முக்கால் மணிக்கு ஒரு மூன்று மாடி வீட்டுக்கு எதிரே ஜப்பான்காரன் நின்றான். அதாவது, அவள் முன்னே போனால் அவன் பின்னே பார்த்தான், பின்னே வந்தால் முன்னே பார்த்தான். கேட்டின் மேல் கன்னடத்தில் பலகை இருந்தது. ஓசூர்க்காரிக்கு அவ்வளவு படிக்கத் தெரியும்: முதியோர் இல்லம். கீழ்த்தளத்து வராந்தாவில் சக்கர நாற்காலியில் ஒரு கிழவி, இரட்டைப் பின்னல் போட்டு, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தாள். பின்னலை மடித்துக் கட்டியிருந்த விதம் சௌடேஸ்வரி யமுனாவுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிவிட்ட விதம்.

அவள் தெருவின் இந்தப் பக்கம் புங்க மரத்தடியில் நின்றாள். மொட்டை மாடியில் நாலு வரிசைக் கொடி கட்டி, வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து நீலச் சீருடை போட்ட ஒரு பெண் கைப்பிடிச் சுவரோரம் வந்தாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். தெருவைப் பார்க்காமல், தென்கிழக்கே, தண்ணீர்த் தொட்டிகளுக்கும் கட்டடங்களுக்கும் மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டு, போனைக் காதில் வைத்தாள்.

சௌடேஸ்வரியின் பைக்குள் போன் அடித்தது. புளிக்காய்ச்சல் பாட்டிலுக்குக் கீழே கிடந்ததை எடுப்பதற்குள் ஆறு முறை அடித்துவிட்டது.

"எம்மா. ஏன் இவ்வளவு நேரம்? சாப்டியா?"

"சாப்டேன்."

"இங்க ஏழரை ஆயிருச்சும்மா. குளிரு ஆரம்பிச்சிருச்சு. ஸ்வெட்டர் போட்டுட்டு ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கேன். வெளிய ஒரே இருட்டு." காற்று அவள் வெட்டிய முடியைத் தூக்கி முகத்தில் போட்டது, ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டாள். "அங்க எப்படி இருக்கு? ரத்னக்கா நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்கா. உனக்குப் புளிக்காய்ச்சல் செஞ்சு குடுத்திருக்கா."

"எனக்கா? எப்படிம்மா அனுப்புவ?"

முதல் துளி ஜப்பான்காரனின் நெற்றியில் விழுந்து வழிந்தது. இரண்டாவது துளி முருங்கைக்காய் சுற்றியிருந்த காகிதத்தில் விழுந்தது. மேலே விரிப்புகள் காற்றில் படபடத்தன.

"யமுனா" என்றாள் சௌடேஸ்வரி. "மழை வருது பாரு. கொடியில கிடக்கற துணிய எடு."

மாடியில் நின்றவள் அசையவில்லை. போன் காதிலேயே இருந்தது. தெருவில் ஒரு ஆட்டோ போனது, மழை கொஞ்சம் வலுத்தது. அப்புறம் அவள் கீழே பார்க்காமலேயே திரும்பி, போனைச் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிளிப்புகளைக் கழற்றி, விரிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டாள். நாலு வரிசையையும் எடுத்து முடித்து, அவற்றைச் சுமந்துகொண்டு படியிறங்கி வந்து, கேட்டைத் திறந்தாள்.